சராசரி முதுகு

ஊரப்பாக்கம் பிரிசில்லா ஆறு வருடம் கல்யாணங்களிலும் ஞானஸ்நானங்களிலும் படம் எடுத்தவள். எல்லாப் பாரத்தையும் ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாக நின்றதில், வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தோளோடு செங்கல்பட்டைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னக் குன்றுகளில் ஏறி, பாறை, பறவை, சுனை என்று எடுத்துக்கொண்டிருப்பாள். ஆகவே, மாவட்டக் குன்றுகள் ஆவண மையத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் ஒளிப்படக்காரர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தபோது, யாரோ தன்னை மனதில் வைத்து எழுதியதாகவே நினைத்துக்கொண்டாள். வேலையும் கிடைத்தது. வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது அந்த மையம். அதன் வேலை எளிமையானது. மாவட்டத்துக் குன்றுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் ஏறிய குன்றைக் கல்குவாரிக்கு விட முடியாது. ஏறாத குன்று அந்த வருடம் மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு ஏலப் பட்டியலுக்குப் போய்விடும்; அதன்பிறகு ஏற்றினாலும் காப்பு கிடையாது. மையம் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதிவேட்டுக்கு நல்ல கெட்டி அட்டை போட்டிருந்தார்கள். முதல் பக்கத்தில் தொடக்க விழாப் படம் ஒட்டியிருந்தது. மற்ற பக்கங்கள் சுத்தமாக இருந்தன. பத்தொன்பது பேர் வேலை பார்த்தார்கள். குன்று ஏறியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அலுவலகப் படி ஏறுவதே மூட்டுக்கு ஆகவில்லை என்று துணை இயக்குநர் ஹரிஹரன் வாரம் ஒருமுறை குறைப்பட்டுக்கொள்வார்.

செய்யூர்ப் பக்கம் இருக்கிற ஆந்தக்குன்றில் தொடங்கலாம் என்று பிரிசில்லா முதல் வாரமே சொன்னாள். அவளுக்குப் பழக்கமான குன்று அது. சுற்றிலும் மணிலாக் கடலைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும். உச்சிக்குச் சற்றுக் கீழே, கோடையிலும் வற்றாத ஒரு சுனை. அதற்கும் கீழே பாறை இடுக்கில் வருடா வருடம் ஒரு ஜோடி கொம்பன் ஆந்தைகள் குஞ்சு பொரிக்கும். அந்தக் குன்றையே நம்பி முப்பது ஆடு வைத்திருக்கும் சந்திரம்மா, இரண்டு வருடமாகவே லாரிக்காரர்கள் வந்து குன்றை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று பிரிசில்லாவிடம் சொல்லியிருந்தாள். கல் உடைக்கிறவன் அண்ணாந்து பார்த்தால் அது ரசிப்பதற்காக இருக்காது.

ஜனவரி மாதம் கேமரா வந்தது. பிரிசில்லா கனவிலும் தொட்டுப் பார்க்காத கேமரா. ஆந்தையின் மீசையை அரை பர்லாங்கு தூரத்திலிருந்து எண்ணக்கூடிய நீளமான லென்ஸ், மூன்று கால் தாங்கி, எல்லாமாக ஏழு கிலோ. கண்காணிப்பாளர் சதாசிவம் அவற்றை வரிசையாகச் சரிபார்த்து, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிசில்லா கேட்டாள். எதில் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று அவர் கேட்டார். அவள் தன் பையைக் காட்டினாள்.

சதாசிவம் கெட்டவர் அல்ல. இருபத்தெட்டு வருடச் சேவையில் ஒரு குண்டூசியைக்கூடத் தொலைக்காதவர். அந்தப் பையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யாருடைய பை என்று கேட்டார். என்னுடையதுதான் சார் என்றாள்.

“அங்கதான் சிக்கல்” என்றார். “அரசாங்க கேமரா உங்க பைக்குள்ள இருந்தா, பாக்கறவங்களுக்கு அது உங்க கேமரா. உங்க பைக்குள்ள இல்லன்னா, அது தொலைஞ்சுபோன கேமரா. ரெண்டுக்கும் நான்தாம்மா பதில் சொல்லணும்.”

அப்படியானால் மையமே ஒரு பை வாங்கித் தரட்டும், சென்னையில் கேமரா விற்கிற தெருவுக்குப் போனால் அரை மணி நேர வேலை என்றாள் பிரிசில்லா. அறையில் இருந்த எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் வாங்கினால் அதற்குப் பெயர் தேர்வு இல்லை, ஆசை என்று சதாசிவம் பொறுமையாக விளக்கினார்.

பத்து நாளில் முதுகுப் பைத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ஹரிஹரன். செயலாளர் சதாசிவம். ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர் ஒருவர், பாலங்கள் கட்டிய பொறியாளர் ஒருவர், தமிழறிஞர் ஒருவர், துணி ஆலையில் தரம் பார்த்தவர் ஒருவர் என ஆறு பேர். குன்றுகளின் சார்பில் ஓர் உறுப்பினர் என்று ஏழாவது இடமும் இருந்தது. அதற்கு யாரும் கிடைக்காததால், குன்றுகள் தொடர்பான கோப்புகளைத் தூசி தட்டுகிற ஊழியரை உட்காரவைத்தார்கள். பிரிசில்லா உறுப்பினர் இல்லை. பையைச் சுமக்கப் போகிறவரே பையைத் தேர்ந்தெடுத்தால் நடுநிலை கெட்டுவிடும் அல்லவா. கூப்பிடும்போது அவள் வந்து நிற்க வேண்டியது. நடவடிக்கைக் குறிப்பில் அவள் பெயர் “பயன்பெறும் முதுகு”.

முதல் இரண்டு கூட்டங்கள் பெயருக்குப் போயின. முதுகுப் பை என்று சொல்வது பிழை என்றார் தமிழறிஞர். பை தோளில் தொங்குகிறது, முதுகில் சாய்கிறது, ஆகவே அதைத் தோளுக்கும் சேர்க்க முடியாது, முதுகுக்கும் கொடுக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் மருத்துவர், சரியாகச் சுமந்தால் பாரம் இடுப்பில்தான் இறங்குகிறது என்று இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். கடைசியில் “தோளில் தொங்கி, முதுகில் சாய்ந்து, இடுப்பில் இறங்கும் பை” என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டு, தட்டச்சுக்கு நீளமாக இருப்பதால் முதுகுப் பை என்றே சுருக்கி எழுதலாம் எனவும் தீர்மானித்தார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் பிரிசில்லாவின் முதுகை அளந்தார்கள். கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். எழுதப் போகும்போது பொறியாளர் ஒரு கேள்வி எழுப்பினார். இந்தப் பெண் ஒப்பந்தத்தில் வந்தவர், பை நிரந்தரமானது. நாளைக்கு வேறு முதுகு வந்தால் என்ன செய்வது? மருத்துவரும் அதை ஆமோதித்தார். ஆகவே அலுவலகத்தின் முதுகுகளை எல்லாம் அளப்பது என்று முடிவாயிற்று. ஆறடி உயர ஜீப் டிரைவர் எல்லப்பனிலிருந்து ஐந்தடி தொடாத சதாசிவம் வரை எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அளவையெல்லாம் கூட்டி வகுத்ததில் நாற்பத்தாறு புள்ளி மூன்று வந்தது. அந்த அளவு முதுகு அங்கே யாருக்கும் இல்லை. அதுவே அதன் நடுநிலைக்குச் சான்று என்று ஹரிஹரன் மகிழ்ந்தார்.

ஒரு தச்சரை வரவழைத்து, வேப்ப மரத்தில் அந்த அளவுக்குத் தலையும் காலும் இல்லாத ஓர் உடலைச் செய்துவாங்கினார்கள். அதற்குச் சராசரி முதுகு என்று பெயர். ஏரிப் பக்கத்து ஜன்னலோரம் அதை நிறுத்தினார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பிரிசில்லாவை வராந்தாவுக்கு மாற்றினார்கள். மாதிரிப் பைகள் மூன்று வந்ததும், அ, ஆ, இ என்று சீட்டு ஒட்டி, ஒவ்வொன்றாக அதற்கு மாட்டி, சுற்றி நின்று பார்த்தார்கள். நானே மாட்டிக்காட்டுகிறேனே சார் என்று பிரிசில்லா கேட்டுப் பார்த்தாள்.

“உங்க முதுகுக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருக்கும்மா” என்றார் மருத்துவர். “இதுக்கு அது கிடையாது.”

நிறத்துக்கு ஒரு கூட்டம். பச்சை என்றார் ஒருவர். அது ஒரு கட்சிக்கொடியில் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கொடியில் பறந்துகொண்டிருந்தது. அரசாங்கப் பை எந்தக் கட்சியையும் சுமக்கக் கூடாது. மதிய உணவுக்குப் பிறகு, கோப்பு அட்டையின் பழுப்பு நிறம் யாருக்கோ தோன்றியது. நாளைக்கே பழுப்புக் கட்சி ஒன்று தோன்றாது என்பதற்கு என்ன உறுதி என்று தூசி தட்டுகிற உறுப்பினர் முதல்முறையாக வாய் திறந்து கேட்டார். “இன்றைய தேதியில் கட்சி சாராத பழுப்பு” என்று எழுதிக்கொண்டார்கள்.

இதற்குள் மார்ச் பிறந்துவிட்டது. பிரிசில்லா தினமும் காலை ரயிலில் செங்கல்பட்டு வந்து, வராந்தாவில் உட்கார்ந்து, பீரோவையும் அதற்குள் இருக்கும் கேமராவையும் நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, மாலை ரயிலில் வீடு திரும்பினாள். இன்று என்ன படம் எடுத்தாய் என்று அம்மா மார்கரெட் ஆரம்பத்தில் ஆசையாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

மார்ச் இரண்டாம் வாரம், மலை நடையும் முதுகுப் பையும் என்ற தலைப்பில் இரண்டு நாள் பயிலரங்கு மாமல்லபுரத்தில் நடந்தது. கடற்கரை விடுதி ஒன்றில், அலைச் சத்தம் கேட்கிற அரங்கு அது. அரங்கத்துக்குக் குறிஞ்சி என்று விடுதிக்காரர்கள் பெயர் வைத்திருந்ததால் இடப் பொருத்தம் குறித்து யாருக்கும் ஐயம் எழவில்லை. சராசரி முதுகை ஜீப்பின் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். பிரிசில்லா பின்னால் பைகளோடு உட்கார்ந்துகொண்டாள்.

ஹரிஹரன் தொடக்க உரை ஆற்றினார்.

“மலை ஏறுறவன் மலையைப் பத்திப் பேசத் தகுதி இல்லாதவன். அவனுக்கு மூச்சு வாங்கும். காலடியில இருக்கற கல்லு மட்டும்தான் தெரியும். நாம தூரத்துல இருந்து பாக்கறோம். முழு மலையும் தெரியுது. முப்பத்திரண்டு வருஷச் சர்வீஸ்ல நான் எந்த விஷயத்தையும் கிட்டப் போய்ப் பாத்ததில்ல. அதனாலதான் எந்த விசாரணையிலயும் என் பேர் வந்ததில்ல.”

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அதன்பிறகு களச் சோதனை. கேமராவைப் பை இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாது என்பதால், பைக்குள் அதே எடைக்குப் பைத் தேர்வுக் குழுவின் கோப்புகளை அடுக்கினார்கள். ஏழு கிலோவுக்கு மேல் இருந்ததால் இரண்டு கோப்புகளை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. கடலோரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை ஒரு மணல்மேடு இருந்தது. அதை மலை என்று கொள்வது என முடிவு. பையைச் சராசரி முதுகுக்கு மாட்டியும் ஆயிற்று. அதற்குக் கால் இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. எல்லப்பனைக் கூப்பிட்டு, பை மாட்டிய சராசரி முதுகை அவர் முதுகில் கட்டி, மேட்டில் ஏறச் சொன்னார்கள். வெயில் உச்சியில் இருந்தது. மணலில் கணுக்கால் வரை புதைந்து, வேப்ப மரத்தையும் கோப்புகளையும் சுமந்துகொண்டு அவர் மூன்று பைக்கும் மூன்று தடவை ஏறி இறங்கினார். வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ உள்ளூர்த் திருவிழா என்று நினைத்து வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது தடவை பிரிசில்லாவின் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே எல்லப்பன் மெதுவாகக் கேட்டார்: “எம்மா, இந்த மரத்த எறக்கி வெச்சுட்டு, பைய மட்டும் எம்மேல மாட்டுனா இன்னா? நானும் முதுகுதான வெச்சுக்கினு கீறேன்?”

அவருக்கு அன்று மாலையே இடுப்பு பிடித்துக்கொண்டது. அறிக்கையில், மூன்று பைகளாலும் சராசரி முதுகுக்கு எவ்வித வலியும் ஏற்படவில்லை என்று எழுதினார்கள். அது பொய்யில்லை.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பிரிசில்லா ஒரு காரியம் செய்தாள். இ என்று சீட்டு ஒட்டிய பையை எடுத்துத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள். இடுப்புப் பட்டையை இறுக்கி, நெஞ்சுக் கொக்கியைப் போட்டதும், ஆறு வருடமாகத் தோளை அழுத்திக்கொண்டிருந்த கை ஒன்று எடுபட்டதுபோல் இருந்தது. பாரம் முழுவதும் இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. முதுகில் படுகிற பக்கமே திறக்கும் பை அது. கழற்றிச் சேற்றில் கிடத்த வேண்டாம், இடுப்பில் சுழற்றி முன்னால் கொண்டுவந்து லென்ஸை எடுத்துவிடலாம். தாங்கிக்குப் பக்கவாட்டில் வார், அடியில் மழையுறை, தண்ணீர் பாட்டிலுக்குக் கேமராவைத் தொடாத தனிப் பை. அலையோரமாகப் பத்து நிமிடம் நடந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஒரு பைக்குப் போய் அழுவதா என்று வெட்கப்பட்டுக் கழற்றி வைத்தாள். இ நன்றாக இருக்கிறது என்று பிறகு சதாசிவத்திடம் சொன்னபோது, அதை எந்தத் தலைப்பில் பதிவு செய்வது என்று தெரியாமல் அவர் பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த வாரம் சந்திரம்மா போன் செய்தாள். குன்றடியில் பாறைக்குப் பாறை மஞ்சள் பெயிண்டால் நம்பர் போட்டிருக்கிறார்கள், துளை போடுகிற வண்டி ஒன்று சவுக்குத் தோப்போரம் வந்து நிற்கிறது, ஆந்தைக் குஞ்சு இரண்டு, இன்னும் பறக்கவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்: “நீ ஆபீஸ்லதான கீற? இன்னா பண்ணிக்கினு கீற அங்க?”

பிரிசில்லா போனை வைத்தாள். நேராக ஹரிஹரன் அறைக்குப் போனாள். கெடு முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது, ஒரே ஒரு நாளைக்குக் கேமராவைத் தாருங்கள் என்று கேட்டாள். அவர் கனிவாகச் சிரித்தார்.

“குன்று எங்கயும் ஓடிப் போயிடாதும்மா. அதுதான் குன்றோட சிறப்பு.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல், தன் பழைய கேமராவைத் தன் பழைய பையில் போட்டுக்கொண்டு, மதுராந்தகம் போய்ச் செய்யூர் பஸ் பிடித்தாள். குன்றடியில் சந்திரம்மா ஆடுகளோடு காத்திருந்தாள். இருவரும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏறினார்கள். பாறைகளில் மஞ்சள் எண்கள் இருநூறைத் தாண்டியிருந்தன. சுனைக்கருகில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஆடு தண்ணீர் குடிப்பதையும், தண்ணீரில் வானம் கலங்குவதையும் எடுத்தாள். பாறை இடுக்கில் குஞ்சுகள் இரண்டும் பஞ்சு மூட்டைகள் மாதிரி ஒன்றையொன்று அண்டிக்கொண்டு, ஆரஞ்சுக் கண்களால் அவளை முறைத்தன. லென்ஸ் எட்டவில்லை. தாங்கியில்லாமல் மூச்சை அடக்கி, இருநூறு படம் எடுத்ததில் நாலு படம் தேறியது.

இறங்கும்போது சந்திரம்மா சொன்னாள். “ஆடு எங்கனா மேஞ்சுக்கும்மா, தோப்புல வுடலாம், ரோட்டோரம் வுடலாம். தண்ணிக்கு நான் எங்க போவேன்? சுனைய தூக்கிக்கினு போய் வேற எடத்துல வெக்க முடியுமா?”

திங்கட்கிழமை அந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்து சதாசிவத்தின் மேஜையில் வைத்தாள். குஞ்சுகளின் படத்தை அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பதிவேட்டை விரித்து, ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தார். பை எண் என்று போட்டிருந்தது. அந்தக் கட்டம் நிரம்பாமல் படம் ஏறாது. எண் இல்லை என்றால், பதிவேட்டைப் பொறுத்தமட்டில் இந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

ஹரிஹரனிடம் போனாள். அவரும் படங்களைப் பார்த்தார். நன்றாக இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

“பார்த்தேன். ஆனா பார்த்ததா நான் சொல்ல முடியாது. இதை ஏத்துக்கிட்டா, பை இல்லாமலே படம் எடுக்கலாம்னு ஆகும். அப்ப ஏழு பேர் ரெண்டு மாசமா என்ன பண்ணாங்கன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியை விசாரிக்க ஒரு குழு போடணும். அதுக்கும் என்னையேதான் தலைவரா போடுவாங்க. என் உடம்பு தாங்காதும்மா.”

பிரிசில்லா படங்களை வாரிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். வேலையை விட்டுவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தாள். வைகாசியில் முகூர்த்தங்கள் வரும். மண்டபங்களில் யாரும் பை எண் கேட்பதில்லை. ராஜினாமாக் கடிதத்துக்கு வெள்ளைத்தாள் கேட்கத் திரும்பி உள்ளே போனபோது, சதாசிவம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அதில் ஒரே ஒரு வரி: கடற்கரையில் மலை நடைச் சோதனை நடத்தப்பட்டது எங்ஙனம்? இருபத்தெட்டு வருடத்தில் தன் கையெழுத்தின்மேல் வந்த முதல் கேள்வி இது என்று சொல்லி அவர் கடிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நிஜமான குன்று ஒன்றில் மறுசோதனை வைத்தால் ஒழிய இதற்குப் பதில் எழுத முடியாது, இந்த நேரத்தில் குன்றுக்கு நான் எங்கே போவேன் என்றார்.

குன்றுகள் ஆவண மையத்தின் கண்காணிப்பாளர் குன்றுக்கு எங்கே போவேன் என்று கேட்டதைக் கேட்டு பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்று தோன்றியது. ஆந்தக்குன்று இருக்கிறதே சார் என்றாள். சுமாரான ஏற்றம், நல்ல பாறை, பஸ் வசதியும் உண்டு.

சதாசிவம் நிமிர்ந்தார். விதிப்புத்தகத்தை எடுத்தார். அதில் அவர் விரல் பதினொன்றாம் விதிக்குத் தானாகவே போயிற்று. சோதனைக் களமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் சோதனை முடிவடையும் வரை எந்த மாற்றமும் செய்யலாகாது. ஒரு கல் நகர்ந்தாலும் சரிவு மாறும், சரிவு மாறினால் சோதனை செல்லாது. “ஒரு கல்லுகூட” என்று அவர் இரண்டாவது முறை வாசித்தார். பிரிசில்லா மூன்றாவது முறை வாசித்தாள்.

அதுவரை அந்த அலுவலகத்தில் நடந்திராத வேகத்தில் அன்று காரியங்கள் நடந்தன. தலைமை அலுவலகத்துக்குப் பதில் கிடைத்துவிட்ட நிம்மதியில் குன்றைச் சோதனைக் களமாக அறிவிக்கும் கடிதத்தில் ஹரிஹரன் படிக்காமலே கையெழுத்திட்டார். மற்ற உறுப்பினர்கள், தலைவர் போட்டுவிட்டார் என்பதால் போட்டார்கள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு எல்லப்பன் ஏழு கையெழுத்துள்ள கடிதத்தை ஏலம் விடுகிற அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய் முத்திரை வாங்கிவந்தார். முதுகுப் பைக்காக ஒரு குன்றை நிறுத்திவைக்கலாமா என்று அங்கே ஒருவர் கேட்டாராம். கேட்டாரே தவிர, ஏழு கையெழுத்துக்கு எதிராக ஒற்றைக் கையெழுத்துப் போட அவருக்குத் துணிவில்லை. ஏப்ரல் ஏலப் பட்டியலில் ஆந்தக்குன்று இல்லை. துளை வண்டி சவுக்குத் தோப்பிலிருந்து கிளம்பிப் போயிற்று. குன்றடியில் மையத்தின் பெயரில் ஒரு பலகை நட்டார்கள்: சராசரி முதுகு சோதனைக் களம். கற்களைத் தொடாதீர்கள்.

சோதனையும் நடந்தது. உறுப்பினர்கள் அடிவாரத்தில் பந்தல் போட்டு இளநீர் குடித்தபடி பார்த்திருக்க, இந்த முறை எல்லப்பனின் மருத்துவச் சான்றிதழ் காரணமாக, பிரிசில்லாவே மூன்று பைகளையும் கோப்புகளோடு மாற்றி மாற்றிச் சுமந்து ஏறினாள். சராசரி முதுகு பந்தலில் இருந்தது. அவள் இறங்கி வந்ததும் வியர்வையை அதன்மேல் துடைத்து, ஈரம் எவ்வளவு என்று துணி ஆலைக்காரர் குறித்துக்கொண்டார்.

மே மாதம் கடைசிக் கூட்டம். பையைப் பொறுத்தமட்டில் முதல்முறையாக ஏழு பேரும் ஒரே கருத்துக்கு வந்திருந்தார்கள். இ பைதான். மருத்துவர் இடுப்புப் பட்டையைப் புகழ்ந்தார். பொறியாளர் தையலைப் பாலத்தோடு ஒப்பிட்டார். மேஜையின் நடுவில், அதே மாதிரியில் புதிதாக வரவழைத்த பை, கட்சி சாராத பழுப்பு நிறத்தில், புது வாசனையோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பீரோச் சாவி. கையெழுத்துப் போட ஹரிஹரன் பேனாவைத் திறந்துவிட்டு, ஒழுங்குமுறைக்காக, பயன்பெறும் முதுகுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா என்று கேட்டார்.

பிரிசில்லா பையைப் பார்த்தாள். இனி ஒருபோதும் இதைவிட நல்ல பை தன் முதுகில் ஏறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. வலது தோள் அப்போதும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டுதான் இருந்தது. கையெழுத்து விழுந்தால் பை வரும், கேமரா வரும். சோதனை முடியும். சோதனை முடிந்த மறுநாள் அந்தப் பலகையைப் பிடுங்குவார்கள்; மார்ச் கெடு தாண்டிவிட்டதால், இனி எடுக்கிற படம் எதுவும் குன்றைக் காக்காது.

“ஒரு சின்ன சந்தேகம் சார்” என்றாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். “இந்தப் பையோட ஜிப் சத்தம் போடுது. ஆந்தைக்குக் காது ரொம்பக் கூர்மை. சத்தம் கேட்டுப் பறந்துடுச்சுன்னா, வெறும் பாறையைத்தான் எடுக்க முடியும். குன்றுல இருக்கற உயிர்களைப் பதிவு செய்யாம விட்டதுக்குக் குழுதான் பொறுப்புன்னு ஆயிடும்.”

ஹரிஹரன் பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பணி ஓய்வு பெற்ற அன்றே மறுநியமன உத்தரவு கையில் கிடைத்தவரின் முகம் அது. ஜிப் ஒலி ஆய்வுக்குத் துணைக்குழு ஒன்று தேவைப்படலாம் என்றார். அதை ஒலி என்பதா, ஓசை என்பதா என்று தமிழறிஞர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆந்தையின் காதை அளக்க முடியுமா என்று மருத்துவர் யோசித்தார்.

சதாசிவம் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு பிரிசில்லாவையே பார்த்தார். அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஆந்தைக் குஞ்சுகளின் படம் ஒன்று இருந்தது; அதைப் பற்றி அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பீரோச் சாவியை எடுத்து மெதுவாக இடுப்பில் செருகிக்கொண்டார்.

“ஜிப் சத்தம் மட்டும்தானாம்மா?” என்று கேட்டார். “கொக்கிச் சத்தத்தையும் சேர்த்துக்கலாமா?”

சேர்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆந்தக்குன்றில் ஏறினாள். குஞ்சுகள் பறக்கப் பழகியிருந்தன. ஒன்று பாறையிலிருந்து வேப்பங்கிளைக்குத் தாவித் தடுமாறி உட்கார்ந்து, பெரிய வேலை செய்துவிட்டதுபோல் சுற்றிலும் பார்த்தது. சுனைக்கரையில் ஆடுகளோடு இருந்த சந்திரம்மா, அவள் தோளைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, ஆபீசில் தருவதாகச் சொன்ன பை என்ன ஆயிற்று என்று கேட்டாள். “இன்னும் வர்லியா?”

“வரலக்கா” என்றாள் பிரிசில்லா, பையை இறக்கிவைத்து. “வராம பாத்துக்கறேன்.”